தம்பி வரைந்த படத்தைச் சுவரில் ஒட்டலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 34 வயது. குலசேகரத்துக்கு அருகே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறான். பத்து ஆண்டுகளாகக் குடி. கடைசியில் அவன் மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கருங்கலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அதன் பிறகுதான் ஒரு மறுவாழ்வு மையத்தில் 30 நாள் சேர்த்தோம். அங்கே மற்ற சிகிச்சைகளோடு வாரம் இரண்டு நாள் காகிதமும் கிரயானும் கொடுத்துப் படம் வரையச் சொன்னார்களாம். வீடு திரும்பி எட்டு வாரம் ஆகிறது, குடிக்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிறான். வாரம் ஒரு நாள் ஏஏ கூட்டத்துக்கு (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுவது) போகிறான். மனைவியும் மகளும் திரும்பி வந்துவிட்டார்கள்.

மகளின் பழைய நோட்டில் தினமும் வரைகிறான். எப்போதும் ஒரே படம்தான். ஒரு ரப்பர் மரம், முழுக்கக் கறுப்பு. வெட்டிய இடத்திலிருந்து பால் வடிகிறது. எனக்கு அது இரத்தம் வடிவதுபோல் தெரிகிறது. போன வாரம் அம்மா சந்தோஷத்தில் ஒரு படத்தைக் கிழித்தெடுத்து, இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே சுவரில் ஒட்டிவிட்டார். வந்தவர் போனவரிடமெல்லாம், 'குடியை விட்டுவிட்டான், இப்போது ஓவியம் வரைகிறான்' என்று சொன்னார். ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்தவன் அதைப் பார்த்தான். ஒன்றும் பேசாமல் பிய்த்து அடுப்பில் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். இரவு எட்டு மணிக்குத்தான் வந்தான். குடித்திருக்கவில்லை. ஆனால் அந்த ஏழு மணி நேரமும் நாங்கள் செத்துப் பிழைத்தோம்.

நல்லதைச் சொன்னதற்கு ஏன் இந்தக் கோபம்? கறுப்பு மரத்துக்கு என்ன அர்த்தம்? படம் வரைவதால் குடி நிற்குமா? இப்போதுதான் படம் வரைகிறானே, மாத்திரையை நிறுத்தலாமா என்று அம்மா கேட்கிறார். மார்த்தாண்டத்தில் ஓவிய வகுப்பு இருக்கிறது, சேர்க்கலாமா? கறுப்புக் கிரயான் வேறு தீர்ந்துவிட்டது. அதையே வாங்கிக் கொடுக்கலாமா, மற்ற நிறங்களைப் பழக்கலாமா? நான் அண்டி ஆபீஸில் (முந்திரித் தொழிற்சாலை) வேலை பார்க்கிறவள், அதிகம் படித்தவள் இல்லை. தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மன்னிக்க ஒன்றுமில்லை. எனக்கு வேண்டிய விவரமெல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மருத்துவமனையிலிருந்து எங்களுக்கு வரும் குறிப்புச் சீட்டுகளில் பல நேரம் இதில் கால்வாசிகூட இருக்காது.

சுவரில் ஒட்டிய படத்திலிருந்தே தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

குடி புகுந்த வீட்டில் பணம் தீர்வதற்கு முன்பே வாக்கு செல்லாக்காசாகிவிடும். 'இனித் தொடமாட்டேன்' என்று உங்கள் தம்பி எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். அம்மா தலையில் அடித்துச் சத்தியம், குருசடியில் சத்தியம், பிள்ளை மேல் சத்தியம். கடைசியில் கேட்டவர்களும் நம்பியிருக்கமாட்டார்கள், சொன்னவருக்கும் நம்பிக்கை இருந்திருக்காது. அந்த நிலைக்கு வந்த மனிதருக்கு வாயைத் திறக்கவே கூசும். நான் மனநல சமூகப் பணியாளராக இருக்கும் வார்டில் முதல் இரண்டு வாரம் 'நல்லா இருக்கேன்' என்ற இரண்டு சொல்லுக்கு மேல் பேசாதவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் ஒரு காகிதத்தையும் கரித்துண்டையும் கொடுத்தால் என்னவாவது கிறுக்குவார்கள். ஏனென்றால் மரத்தை வரைவது சத்தியம் செய்வதாகாது. 'நேற்று இப்படி வரைந்தாயே, இன்றைக்கு என்ன ஆயிற்று' என்று யாரும் மடக்க முடியாது.

அம்மா அந்தப் படத்தைத் திருஇருதயத்துக்குக் கீழே ஒட்டியதும் அது சத்தியமாகிவிட்டது. வந்தவர் போனவரெல்லாம் சாட்சிகளாகிவிட்டார்கள். எட்டு வாரத்தைச் சுவரில் ஒட்டிவிட்டால், ஒன்பதாவது வாரம் கால் சறுக்கினால் அதையும் அந்தச் சுவரே ஊருக்குச் சொல்லும். உங்கள் தம்பி அதை நொடியில் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அம்மாவின் பிரியத்தின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. கேட்காமல் தன்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்களே என்பதுதான் அவருக்கு ஆத்திரம்.

அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றி நீங்கள் பயத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ உங்கள் கடிதத்திலேயே ஆகச்சிறந்த செய்தி அதுதான். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. அவர் வெளியே இருந்த நேரம் முழுவதும் கடை திறந்திருந்தது. உள்ளுக்குள் அவமானம், வெளியே கடை, காலில் வீட்டுக்குத் திரும்பப் பிடிக்காத கனம். அப்படியும் குடிக்காமல் வந்திருக்கிறார். எங்கே உட்கார்ந்திருந்தார், யாரிடம் பேசினார் என்று ஒருநாள் சாவகாசமாகக் கேளுங்கள், விசாரணைபோல் வேண்டாம். அவர் சொல்லும் பதிலில் ஒரு நண்பரோ, ஓர் ஆற்றங்கரையோ, ஒரு ஏஏ தோழரின் போன் நம்பரோ இருக்கும். அடுத்த முறை ஆபத்து வரும்போது அதுதான் உதவும்.

நம் வீடுகளில் அம்மா மகனிடம் மன்னிப்புக் கேட்பது நடக்கிற காரியமில்லை. அதனால் நீங்களே செய்யுங்கள். நோட்டை அவர் கையில் கொடுத்து, 'கேட்காமல் எடுத்தது தப்பு, இனி யாரும் தொடமாட்டோம்' என்று ஒரு வரி சொன்னால் போதும். பூட்டுப் போடுகிற ஒரு டிரங்குப் பெட்டி வீட்டில் இருந்தால் அதையும் கொடுத்துவிடுங்கள். வரைந்ததைக் கிழிப்பதும் எரிப்பதும்கூட அவர் உரிமை.

இனி கறுப்பு மரம்.

என் தவறு ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில், கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் எங்கள் வார்டில் இருந்தார். தாள் முழுவதையும் கருநீலத்தால் அப்பி, ஓரத்தில் ஒரு மஞ்சள் புள்ளி மட்டும் வைப்பார். மூன்று நாள் தொடர்ந்து அதே படம். நான் பயிற்சியில் படித்ததையெல்லாம் நினைவில் கொண்டுவந்து, அவருடைய கோப்பில் 'ஆழ்ந்த மனச்சோர்வு, தனிமை உணர்வு' என்று அழகாக எழுதிவைத்தேன். நான்காம் நாள்தான் அவரிடமே கேட்கத் தோன்றியது. 'ராத்திரி ரெண்டு மணிக்கு வள்ளம் இறக்கும்போது கடல் இப்படித்தான் மேடம் இருக்கும்' என்றார். மஞ்சள் புள்ளி? 'அது பக்கத்து வள்ளத்து விளக்கு. அது தெரிகிறவரைக்கும் பயமில்லை.' அவர் தன் வாழ்க்கையில் தைரியமாக இருந்த ஒரு நேரத்தை வரைந்திருக்கிறார், நான் அதற்கு நோயின் பெயர் எழுதியிருக்கிறேன். கோப்பில் அந்த வரியை அடித்த கோடு இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

உங்கள் தம்பி எத்தனை மணிக்குத் தோட்டத்துக்குப் போகிறார்? பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள். வெயில் ஏறினால் பால் ஒழுக்குக் குறைந்துவிடும். நீங்கள் பகலில் பார்க்கும் ரப்பர் மரம் சாம்பல் நிறம். அவர் பார்க்கும் மரம் எந்த நிறம்? விளக்கு விழுகிற அந்த ஒரு சாண் வெட்டுவாய் தவிர மற்றதெல்லாம் இருட்டுத்தானே. வடியும் பால் உங்கள் கண்ணுக்கு இரத்தமாகத் தெரிகிறது. அவருக்கு அது கூலி.

பாருங்கள், நானும் அர்த்தம் சொல்லத் தொடங்கிவிட்டேன். இன்னும் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு வெட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் சொச்சம் பட்டையைத்தான் சீவலாம், கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளரும், அதிலும் மறுபடி வெட்டலாம். இதையெல்லாம் வைத்துக் 'காயம் ஆறுகிற மரம்' என்று ஒரு பிரசங்கமே செய்துவிடலாம். செய்தால் அது என் படமாகிவிடும், உங்கள் தம்பியின் படமாக இருக்காது. கறுப்பு என்றால் துக்கம், சிவப்பு என்றால் கோபம் என்று அகராதி வைத்துப் படம் பார்க்கிறவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள், அவர்கள் பட்டம் பெற்றவர்களாக இருந்தாலும் சரி.

அவரே நோட்டைக் காட்டினால் பாருங்கள். 'ஏன் கறுப்பு?' என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்வி அந்த வீட்டில் ஏற்கனவே நிறையக் கேட்கப்பட்டுவிட்டது. 'இது எந்தத் தோட்டத்து மரம்?', 'அப்போது மணி என்ன இருக்கும்?', 'பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா?' என்று படத்துக்குள் இருப்பதைக் கேளுங்கள். அவர் மரத்தைப் பற்றிப் பேசுவதுபோல் தன்னைப் பற்றிப் பேசுவார். பேசவில்லையென்றால் விட்டுவிடுங்கள். 'அழகாக இருக்கிறது' என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் ஒரு தீர்ப்புத்தான்.

உங்கள் பயத்தின் அடியில் இன்னொரு பயம் இருப்பது எனக்குத் தெரிகிறது, நீங்கள் அதை எழுதவில்லை. உயிரைப் பற்றிய பயம். அதற்குக் கறுப்பு கிரயானைப் பார்க்காதீர்கள், அவர் பேச்சையும் நடப்பையும் பாருங்கள். 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்பதுபோல் பேசுவது, பல இரவுகள் தூங்காமல் கிடப்பது, வேண்டிய பொருட்களை எடுத்து யாருக்காவது கொடுப்பது, திடீரென்று எல்லாரிடமும் விடைபெறுவதுபோல் நடந்துகொள்வது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் 'சாக வேண்டும்போல் இருக்கிறதா?' என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, ஏற்கனவே இருந்தால் சொல்ல ஒரு வாசல் கிடைக்கும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள். ரப்பர் ஷீட் போடுகிற ஆசிட் வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள். குழந்தை இருக்கிற வீட்டில் அது எப்படியும் பூட்டுக்குள்தான் இருக்க வேண்டும்.

படம் வரைவதால் குடி நிற்குமா? வரைவதால் மட்டும் நிற்காது. நிற்கும் என்று யாராவது சொன்னால் அவரிடம் பணம் கட்டாதீர்கள்.

ஆனால் இது சும்மா பொழுதுபோக்கும் இல்லை. இந்தச் சிகிச்சைக்குப் பெயர் வைத்தவர் ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர். காசநோய் வந்து சானடோரியத்தில் படுக்கையில் கிடந்தபோது வரைந்து வரைந்தே அந்த நாட்களைத் தள்ளினார், பிறகு பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் வரையக் கொடுத்தார். 1942ல் அதற்குக் கலைச் சிகிச்சை என்று பெயர் வந்தது. காசநோய்க்கிருமியை ஓவியம் கொல்லவில்லை. நோயோடு படுத்துக் கிடக்கிற மனிதருக்கு, நோய் தவிர வேறொன்றையும் பார்க்கக் கொடுத்தது. குடிநோயிலும் அதன் இடம் ஏறக்குறைய அதுதான். மருந்து, ஆலோசனை, ஏஏ போன்ற குழு, இவற்றோடு ஒரு துணை. குடிநோயில் இதன் பலனை அளந்த ஆய்வுகள் இன்னும் சிறியவை, குறைவானவை.

அது எப்படித் துணை செய்கிறது என்பதில் எனக்குப் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. குடிக்க வேண்டும் என்ற உந்துதல் பெரும்பாலும் காட்சியாகத்தான் வரும். கடைவாசல், மூடி திருகும்போது வரும் அந்தச் சின்னச் சத்தம், பிளாஸ்டிக் டம்ளர், தொண்டையில் இறங்கும் எரிச்சல். உங்கள் தம்பியிடம் கேட்டால் இன்னும் துல்லியமாகச் சொல்வார். அந்தக் காட்சியை மனம் தீட்டத் தீட்ட ஆசை ஏறுகிறது என்று பிரிட்டனையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்த உளவியலாளர்கள் 2005ல் எழுதினார்கள். அப்படியானால் மனக்கண்ணுக்கும் கைக்கும் அந்த நேரத்தில் வேறு வேலை கொடுத்தால் காட்சி கலையவேண்டும் அல்லவா? அதையும் சோதித்தார்கள். 2012ல் வெளிவந்த ஓர் ஆய்வில், சாக்லேட் மேல் ஆசை மூட்டப்பட்டவர்களில், பிள்ளைகள் விளையாடும் களிமண்ணைப் பிசைந்து உருவம் பிடித்தவர்களுக்கு அந்த ஆசை குறைந்தது. வாயால் எண்களை எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு அவ்வளவு குறையவில்லை. சாக்லேட் வேறு, சாராயம் வேறு, தெரியும். ஆனால் எங்கள் வார்டில் நான் பார்ப்பதோடு இது ஒத்துப்போகிறது. உந்துதல் ஓர் அலை மாதிரி. ஏறும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடும். அந்த அரை மணி நேரத்தைக் கடக்கக் கைக்கு ஒரு பிடி வேண்டும்.

திறமைக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதற்கும் ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் 2016ல் நடந்த ஆய்வில் 39 பேரை 45 நிமிடம் தங்கள் விருப்பப்படி வரையவும் களிமண்ணில் செய்யவும் விட்டார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு உடலின் அழுத்த ஹார்மோனான கார்ட்டிசால் குறைந்திருந்தது. முன்பு வரைந்து பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை. அவர்கள் குடிநோயாளிகள் அல்ல, நலமாக இருந்தவர்கள். அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் இப்போதைக்கு மார்த்தாண்டம் வகுப்பு வேண்டாம் என்கிறேன். வகுப்பு ஆசிரியர் தன் வேலையைத்தான் செய்வார். நிழல் தப்பு, கிளை தப்பு, அடுத்த வாரம் ஆப்பிள் வரை என்பார். பத்து ஆண்டு தப்பு தப்பு என்றே கேட்ட காதுக்கு அது இப்போது தேவையில்லை. பின்னால் அவரே கேட்டால் சேர்த்துவிடுங்கள், அது வேறு கதை. கையைப் பற்றிக் கவலையே படாதீர்கள். இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் அதே சரிவில், அதே ஆழத்தில் பட்டை சீவுகிற கை அது. நம் ஊரில் பல ஓவிய ஆசிரியர்களுக்கு அந்த மணிக்கட்டு வாய்க்காது.

அவருக்கு ஆபத்தான நேரம் எது என்று தொழிலை வைத்தே கணக்குப் போடலாம். ஒரு மணிக்கு வேலை முடிந்தால் பிற்பகல் முழுவதும் காலி. மழை பெய்தால் விடியற்காலையிலிருந்தே காலி, கூலியும் இல்லை. நம் மாவட்டத்துக்கு மழை ஒரு முறை வந்து ஓய்வதில்லை. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு, அது முடிந்ததும் வடகிழக்கு. பிறகு இலை உதிர்கிற மாதங்களில் வெட்டு நிற்கும். இந்தக் காலி நேரங்களில்தான் பழைய கூட்டாளிகள் தேடி வருவார்கள். எனவே 'மழை நாளில் என்ன செய்யப் போகிறாய்?' என்பதை மழை வருவதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். குளித்துச் சாப்பிட்ட பிறகு திண்ணையிலோ பின்கட்டிலோ ஓர் இடம், அரை மணி நேரம், யாரும் கூப்பிடக்கூடாது. கிரயானோடு கொஞ்சம் களிமண்ணும் வாங்கி வையுங்கள். மண்பாண்டம் செய்கிறவர்களிடம் பிசைந்த மண்ணாகவே கிடைக்கும், ஈரத்துணியில் சுற்றிவைத்தால் நாள்கணக்கில் காயாது. உந்துதல் கடுமையாக இருக்கும்போது பலருக்குக் கோட்டைவிட மண்தான் கைகொடுக்கிறது. கை நடுங்கினாலும் மண் கோபித்துக்கொள்ளாது.

ஓணமும் கிறிஸ்துமஸும் திருவிழாவும் இன்னொரு கண்ணி. டிசம்பர் வரும்போது குடிலையும் நட்சத்திரத்தையும் அவர் பொறுப்பில் விட்டுப் பாருங்கள். கடை நட்சத்திரம் வேண்டாம். மூங்கிலைச் சீவி, கட்டி, வண்ணத்தாள் ஒட்டுகிற பழைய நட்சத்திரம். அதற்கு ஒரு வாரம் பிடிக்கும், அந்த ஒரு வாரம்தான் வேண்டியது. அதை வாசலில் தொங்கவிடலாம், அது தொங்கவிடுவதற்காகவே செய்வது.

மகள் பக்கத்தில் உட்கார்ந்து வரையலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நோட்டு அவளுடையது என்பதால் சொல்கிறேன். அவளாக வந்து உட்கார்ந்தால், அவரும் சரி என்றால், தாராளமாக. 'அப்பா பக்கத்தில் போய் உட்கார், எங்கும் போகாமல் பார்த்துக்கொள்' என்று மட்டும் அனுப்பாதீர்கள். பிள்ளையைக் காவலுக்கு வைத்தால் அவளுக்கும் பாரம், அவருக்கும் அவமானம். அவளுக்குத் தனியாக ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் வரைவது வேறு, சிகிச்சையாக வரைவது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நானே முழுநேரக் கலைச் சிகிச்சையாளர் இல்லை, மனநல சமூகப் பணியாளர்தான். இதில் பயிற்சி எடுத்து, வார்டில் மற்ற வேலைகளோடு சேர்த்துச் செய்கிறேன். சில பயிற்சிகள் உள்ளே கிடப்பதைச் சட்டென்று மேலே இழுத்துவிடும். உதாரணமாக 1981ல் அமெரிக்காவில் இருவர் எழுதிவைத்த பாலப் பயிற்சி. 'ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும் பாலம் ஒன்றை வரையுங்கள், அதில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று காட்டுங்கள்' என்பார்கள். குடியிலிருந்து மீளுகிறவர்களிடம் இதை நிறையப் பயன்படுத்துகிறோம். முன்பெல்லாம் இங்கே பாதிப்பேர் மாத்தூர் தொட்டிப்பாலத்தைத்தான் வரைவார்கள். 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அதுவும் வரத் தொடங்கியிருக்கிறது.

ஒருவர் தொட்டிப்பாலத்தை வரைந்தார். பறளியாற்றுக்கு மேலே 115 அடி உயரத்தில் தூண்கள், மேலே தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் நடைபாதை. எல்லாம் சரியாக வந்திருந்தது. தன்னை மட்டும் நடைபாதையில் நிறுத்தாமல் தொட்டிக்குள், இடுப்பளவு தண்ணீரில் நிறுத்தியிருந்தார். 'பக்கத்தில் வழி இருக்கிறதே' என்றேன். 'அதில் நடந்தால் ஊர் பார்க்கும்' என்றார். அதன் பிறகு ஒரு மணி நேரம் அழுதார். அந்த அழுகையைத் தாங்கிப் பிடிக்க அறையில் நானும் ஒரு மருத்துவரும் இருந்தோம். வீட்டில் அம்மாவும் நீங்களும் இதை முயல வேண்டாம். உங்கள் தம்பி மையத்தின் தொடர் ஆலோசனைக்குப் போகிறார் என்றால், நோட்டை அங்கே கொண்டுபோக விருப்பமா என்று கேளுங்கள். விருப்பமில்லையென்றால் அதுவும் சரி.

உங்கள் தம்பியும் தொட்டிக்குள்தான் நடந்துகொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா அவரைத் தூக்கி நடைபாதையில் வைத்துவிட்டார்.

மாத்திரை விஷயத்தில் பேரம் கிடையாது. படத்துக்கும் மாத்திரைக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை. எந்த மாத்திரை, எத்தனை மாதம் என்பது எழுதிக்கொடுத்த மருத்துவர் முடிவு. அவரிடம் போக முடியாவிட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். அம்மா இப்படி யோசிக்கிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்லிவைக்கிறேன். சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் 'குடி நிறுத்தும் பொடி' எதையும் வாங்க விடாதீர்கள். அப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் டைசல்பிராம் என்ற மருந்து இருக்கக்கூடும். அது உடம்பில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்துவிட்டால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் அதைக் கொடுக்கும்போது நோயாளிக்குச் சொல்லி, அவர் சம்மதத்தோடுதான் கொடுப்பார்.

சறுக்கல் வந்தால்? வரக்கூடாது என்றுதான் எல்லாரும் உழைக்கிறோம், ஆனாலும் பலருக்கு வருகிறது. வந்தால் அன்றைக்கே மையத்துக்கோ ஏஏ தோழருக்கோ சொல்லுங்கள், நோட்டைக் காட்டி 'இதெல்லாம் நாடகமா' என்று கேட்காதீர்கள். பல நாள் தொடர்ந்து குடித்துவிட்டு ஒரேயடியாக நிறுத்தும்போது கை நடுக்கம், வியர்வை, வலிப்பு, இல்லாத பூச்சி ஊர்வதுபோல் தெரிவது, ஆள் தடுமாறிப் பேசுவது போன்றவை முதல் மூன்று நான்கு நாட்களுக்குள் வரலாம். அது அவசரச் சிகிச்சை வேண்டிய நிலை. களிமண்ணுக்கும் கிரயானுக்கும் அங்கே வேலையில்லை, வண்டி பிடியுங்கள். போதைப்பழக்கம் பற்றி விசாரிக்க 14446 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை நீங்கள், அண்டி ஆபீஸ் என்பதைத் தவிர. பகலெல்லாம் பருப்புத் தோல் உரித்துவிட்டு, மாலையில் தம்பியின் வாய் நாறுகிறதா என்று முகர்ந்து பார்க்கிற அக்காமார்களை எனக்கு நன்றாகத் தெரியும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற குழு 1951 முதல் இயங்குகிறது. தம்பி போகிற ஏஏ கூட்டத்தில் விசாரித்தால் அருகே எங்கே கூடுகிறார்கள் என்று சொல்வார்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகன் குடியை விட்ட சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் அவருக்கு. அதைச் சொல்ல அந்த அறை நல்ல இடம்.

கறுப்புக் கிரயான் தீர்ந்துவிட்டது என்றீர்கள். கறுப்பையே வாங்கிக் கொடுங்கள். பள்ளிக்கூடத்துப் பக்கத்துக் கடைகளில் தனியாகக் கிடைக்காவிட்டால் அடுப்புக்கரி போதும், நன்றாகவே கோடு விழும். மற்ற நிறங்கள் மகளின் டப்பாவில் இருக்கின்றன. வேண்டும்போது அவரே எடுத்துக்கொள்வார்.